எந்த வெள்ளி

சுங்கை நிபோங்கில் பத்தரை மணிப் பேருந்து.
பையில் ஒரு வெள்ளைச் சட்டை,
மடிப்புக் கலையாமலிருக்கப் போன வருஷத்து
நாட்காட்டி அட்டைக்குள்.

பதினெட்டு வருஷம் பாயான் லெப்பாஸில்
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி
ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
ஒட்டாததை எடுத்துத் தனித்தட்டில் வைப்பேன்.
மார்ச் மாதம்
எங்கள் வரிசையையே எடுத்துத் தனித்தட்டில் வைத்தார்கள்.

சொக்சோ பணம் வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.
என் சம்பளத்தில் பிடித்த காசுதான்,
வரும்போது அதற்கு உதவி என்று பெயர்.
முதல் மாதம் கழுத்தளவு.
பிறகு இடுப்பு.
இப்போது முழங்கால்.
கரையேறுகிறவளுக்கும் தண்ணீர் இப்படித்தானே குறையும் என்றார்
முகப்பில் இருந்த ரொஸ்னானி.
நல்ல மனுஷி. ஆனால் அவர் நாற்காலி நனையவில்லை.

மின்தூக்கியில் லூர்துமேரி கேட்டாள்:
எத்தனை வெள்ளி தருவானாம்?
எந்த வெள்ளி என்றேன்.
அந்தக் கரை வெள்ளி ஒன்றுக்கு
இந்தக் கரை வெள்ளி மூன்று, அதற்கு மேலும் சில்லறை.
இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிற வாய்
எண்ணும்போது மட்டும் கண்டிப்பாகப் பிரிக்கிறது.
நேர்காணலும் வெள்ளிக்கிழமைதான்.
லூர்துமேரி ஆறாம் மாடியில் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

லார்கினில் விடிந்தது.
பாலத்து வரிசையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவே
வேலை கேட்கப் போகிறவள் நான் ஒருத்திதான் போலிருந்தது.
எல்லாருக்கும் ஒரே வேகம், ஒரே தூக்கம்.
கைப்பேசியில் அந்த வாரப் படிவம் பாதியில் நின்றது:
வேலை தேடிய இடம்?
பட்டியல் பெர்லிஸில் தொடங்கி ஜொகூரில் முடிந்துவிட்டது.
அதற்குக் கீழே விரலால் எத்தனை முறை இழுத்தாலும்
நாடு நீளவில்லை.
நான் நின்றது ஜொகூரில். ஜொகூர் என்று அமுக்கினேன்.
பாலத்தின் நடுவில் கோபுரம் மாறி
சிங்கப்பூருக்கு நல்வரவு என்று செய்தி வந்தது.
படிவம் போனதா என்று தெரியவில்லை.

அங்கே குடும்பப் பெயர் கட்டாயம்.
எனக்கு ஏது? அப்பா பெயரைப் போட்டேன்.
மிஸ் முனியாண்டி என்று கூப்பிட்டாள் ஒரு சின்னப் பெண்.
செத்து ஒன்பது வருஷமான மனிதர்
என்னோடு எழுந்து உள்ளே வந்தார்.
வெளிநாட்டுக்குப் போகாதவர்.
ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்கள்.
நான் விடவில்லை என்றேன்.
ஏதோ எழுதிக்கொண்டார்கள், நான் பேசியதைவிட நீளமாக.

பத்து நாள் கழித்து ரொஸ்னானி அழைத்தார்.
ஜொகூரில் எந்த இடம், காக்?
சொல்லிவிட்டேன், பாலம், படிவம், முனியாண்டி, எல்லாம்.
அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை நின்றது.
என் தம்பியும் அங்கேதான், கப்பல் பட்டறையில், என்றார்.
பிறகு அலுவலகக் குரலில்:
மேலே கேட்டுச் சொல்கிறேன்.
வேலை இல்லை என்று அவர்கள் கொடுத்த கடிதம் இருக்கிறதா?

இல்லை.
ஆமென்றும் வரவில்லை, இல்லையென்றும் வரவில்லை.
மறுப்புக்கு இந்தக் கரையில் ஒரு மதிப்பு உண்டு,
கோப்பில் வைக்கலாம், துளை போட்டு.
மௌனத்தில் எங்கே துளை போடுவது?

இன்றிரவு சமையல் மேடையில் கைப்பேசியை சாய்த்து வைத்து
அந்தக் கம்பெனிக்கு எழுதுகிறேன்:
மதிப்பிற்குரிய ஐயா,
வேலை கொடுத்தால் மகிழ்ச்சி.
கொடுக்காவிட்டால், தயவுசெய்து,
முத்திரையோடு கொடுங்கள்.

கையெழுத்து இடத்தில்
கோமளவல்லி என்று போட்டு,
அழித்து,
மிஸ் முனியாண்டி என்று மாற்றினேன்.
அவர்களுக்குத் தெரிந்தது அவரைத்தான்.